குஞ்சப்பனைக்கு மேலே வந்த வாடை

முதலில் வந்தது வாடைதான். நீலகிரி மலைச் சாலையில் அரவேணு, முள்ளூர் எல்லாம் தாண்டிக் குஞ்சப்பனைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மா, "எங்கோ ஏதோ கருகுகிறது" என்றார். முன்னால் போகும் வண்டியாக இருக்கும் என்றேன். கோத்தகிரிச் சாலையில் வசிப்பவர்களுக்கு அந்த வாடை பழகியதுதான். கோடை சீசனில் கூட்டம் கூடும்போது, மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, எங்கள் வழியாக இறக்குவார்கள். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக் பெடலில் வைத்த காலை எடுக்காமலே இறங்குவார்கள். மே மாதம் முழுவதும் சாலையோரத் தேயிலைச் செடிகளுக்கே அந்த வாடை ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

ஆனால் அது நவம்பர். அடுத்த வளைவில் திரும்பியபோது முன்னால் எந்த வண்டியும் இல்லை.

பெடலை மிதித்தேன். கால் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. பஞ்சுப் பொதிக்குள் போவதுபோல் இறங்கிக்கொண்டே போனது. வண்டி வேகம் குறைந்தது, ஆனால் நான் கேட்ட அளவுக்குக் குறையவில்லை. மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். மருத்துவமனையில் அம்மாவின் கண் பரிசோதனைக்குக் கொடுத்திருந்த நேரத்துக்குள் கோயம்புத்தூர் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். பெடலை மீண்டும் மீண்டும் மிதித்தேன். நாலாவது மிதியில் சிறிது பிடித்தது. இரண்டாவது கியருக்கு மாற்றினேன். எஞ்சின் அலறியது. பிறகு முதல் கியர். ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மலைப்பக்கம் ஒதுங்கி, ஒரு தேநீர்க் கடையின் அகலமான ஓரத்தில் வண்டி நின்றது. கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார்.

அங்கே முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியின் ஓட்டுநர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இடது முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்ததைப் பார்த்து, "ஊற்றாதீர்கள் அம்மா, டிஸ்க் விரிசல் விட்டுவிடும். தானாக ஆறட்டும்" என்றார். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். வலது முன்சக்கரம் சூடு, அவ்வளவுதான். இடதின் பக்கத்தில் கையை வைக்கவே முடியவில்லை. "இந்த ஒரு சக்கரம் விடவே இல்லை" என்றார்.

பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. விடவில்லை என்றார். அந்தச் சொல்தான் பிறகு இரண்டு வாரங்கள் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தபோது பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. இதைவிட ஆபத்தான நிமிடம் வேறில்லை என்று இப்போது நினைக்கிறேன். சரியாகிவிட்டது என்று நம்பிக் கிளம்பிவிடத் தோன்றும். லாரிக்காரர் தடுத்தார். நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். வண்டியை மீட்பு வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினோம்.

*

மலையிலிருந்து இறங்குவது என்றால் என்ன என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். ஆனால் சொந்த வண்டிக்கு அந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 1,470 மீட்டர் இறங்கும்போது அந்த எடை விட்டுக்கொடுக்கும் ஆற்றல் சுமார் 1 கோடியே 44 லட்சம் ஜூல். மின்சாரக் கட்டணச் சீட்டின் மொழியில் சொன்னால் நான்கு யூனிட். 40 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம். இவ்வளவும் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளலாம், அல்லது பிரேக் வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். தாழ்ந்த கியரில் எஞ்சின் ஒரு பெரிய பங்கைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. நான் மூன்றாவது கியரில் போனதால் அந்தப் பங்கும் சக்கரத்தோடு சுற்றும் கையகல இரும்புத் தட்டான டிஸ்க்கின் மேல் விழுந்தது. அதிலும் ஒரு சக்கரம் மிதித்த பிறகு விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஒரு பணிமனையில், டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் முன்பக்க பேடுகளை மாற்றியிருந்தேன். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். அந்த வேகத்தை அன்று மெச்சினேன். அந்த அரை மணி நேரத்தில் எதைச் செய்யவில்லை என்பது வண்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

பிரித்தது நானேதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் மாமா. அப்பாவின் நண்பர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மலை பஸ்களின் பிரேக்கையே முப்பது ஆண்டுகள் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரே செய்து கொடுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். "கை நடுங்குகிறது அம்மா. நீ செய், நான் பார்க்கிறேன். உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவள் நீதானே" என்றார். இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சக்கரத்தைக் கழற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் அருகில் இல்லாமல் பிரேக்கில் கை வைக்காதீர்கள். பின்சக்கரத்தில் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள புது வண்டிகளுக்கு நான் எழுதுவது பொருந்தாது. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். என்னுடையது பழைய சிறிய கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

எங்கள் ஊரில் இந்த வேலைக்கு முதல் சிக்கல் சமதளம். வீட்டு முற்றம்கூடச் சரிவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் தேயிலை எடைபோடும் கொட்டகையின் சிமெண்டுத் தளத்தைக் கேட்டு வாங்கினோம். ஜாக்கியில் தூக்கியவுடன் ஸ்டாண்டு வைக்காமல் எதையும் தொட மாமா விடவில்லை. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கவைக்கச் சொன்னார்; ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும் என்பதை இரண்டாவது சக்கரத்துக்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இடது முன்சக்கரம். பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிபரைக் கழற்றிப் பேடுகளை எடுத்ததும் விஷயம் பாதி விளங்கிவிட்டது. வெளிப்பக்கப் பேடில், உரசித் தேயும் பகுதியான லைனிங் 6 மில்லிமீட்டர் மிச்சமிருந்தது. உள்பக்கப் பேடில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. அதிகச் சூட்டில் லைனிங்கின் பிசின் உருகி இறுகினால் அப்படி ஆகும். பிறகு அது டிஸ்க்கைப் பற்றாது, வழுக்கும்.

எங்கள் வண்டியின் காலிபரில் ஒரே ஒரு பிஸ்டன், உள்பக்கத்தில். மிதித்தால் அது உள்பக்கப் பேடை டிஸ்க்கின்மேல் தள்ளும். அதற்கு மேல் போக இடமில்லாததால் காலிபர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்தும். இந்த நகர்வுக்காகவே காலிபர் இரண்டு கைடு பின்களின்மேல் வழுக்கும்படி வைத்திருக்கிறார்கள். விரல் தடிமனில் இரண்டு எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் உறை. அவ்வளவுதான். அவை வழுக்கினால் இரண்டு பேடும் ஒன்றாகத் தேயும். இறுகினால் உள்பேடு மட்டும் தேயும்; மிதியை எடுத்த பிறகும் உரசிக்கொண்டிருக்கும்.

மேல் பின் கையால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின் வரவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருப்பியும் அசையவில்லை. துருநீக்கி எண்ணெய் விட்டு, காத்திருந்து, இப்படியும் அப்படியும் முறுக்கி முறுக்கி அது வெளியே வர நாற்பது நிமிடங்கள் ஆயின. கிழிந்த ரப்பர் உறைக்குள் எங்கள் ஊரின் நான்கு மழைக்காலங்கள் இருந்தன. செம்பழுப்புத் துரு, சேறு, எப்போதோ பூசி மண்கட்டியாகிவிட்ட கிரீஸ். மாமா அதை வாங்கிச் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பேடை மாற்றியவன் இதைத் தொடவே இல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. உறை கிழிந்திருந்ததை அவர்கள் பார்த்திருக்க முடியும். கைடு பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கப் பத்து நிமிடம் போதும். சமவெளியில் அந்தப் பத்து நிமிடத்தைத் திருடினால் பேடு சீக்கிரம் தேயும். இங்கே திருடினால் ஆள் போய்விடுவார்.

அந்த கிரீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் கிடைக்கும் சாதாரண கிரீஸை அங்கே வைக்கக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். ஊதினால் மறுபடியும் இறுக்கம்தான். இதற்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் வேண்டும். அதே காரணத்தால் பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக் கூடாது.

காலிபரை முழுவதுமாகப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தோம். அவ்வளவு சூட்டைப் பார்த்த ரப்பரை நம்ப மாமா தயாராக இல்லை. பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றும் முன்பே, காலிபருக்குள் ஒரு மரத்துண்டை வைத்து, மெதுவாகப் பெடலை மிதித்துப் பிஸ்டனை வெளியே தள்ளினோம். விரல் அந்த இடைவெளிக்குள் போகவே கூடாது. பிஸ்டன் வெளியே வந்ததும் சிலிண்டருக்குள் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்த ரப்பர் வளையத்தை மாமா மரக்குச்சியால் நெம்பி எடுத்தார். இரும்புக் கம்பி பட்டால் உள்சுவரில் கீறல் விழும்.

"இது எதற்கு இருக்கிறது?" என்று கேட்டார்.

"எண்ணெய் கசியாமல் இருக்க."

"அது பாதி."

மீதியை அவர் செய்து காட்டினார். கிட்டில் வந்த புது வளையத்தைப் பள்ளத்தில் வைத்து, பிஸ்டனை ஈரமாக்கி உள்ளே விட்டு, இலேசாக இழுத்தார். சதுர விளிம்புள்ள அந்த வளையம் பிஸ்டனைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்து வளைந்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது. நிமிரும்போது பிஸ்டனையும் இம்மியளவு உள்ளே இழுத்துக்கொண்டு போனது. டிஸ்க் பிரேக்கின் பிஸ்டனைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் கிடையாது. இந்த ரப்பர் வளையத்தின் நெகிழ்வுதான் ஒவ்வொரு முறையும் அதைப் பின்னுக்கு வாங்குகிறது. பழைய வளையத்தை விரலிடையில் மடக்கிப் பார்த்தேன். காய்ந்த புளியங்கொட்டை ஓடுபோல் விறைத்திருந்தது. அது பிஸ்டனை இழுத்து எத்தனை மாதங்கள் ஆயிற்றோ.

பிரேக் என்றாலே பிடிப்பு என்று நினைத்து வந்தவள் நான். பிடிக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம்; வண்டி வாங்கும்போதும் அதைத்தான் கேட்கிறோம். விடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. என் வண்டி குஞ்சப்பனைக்கு மேலே பிடிக்காமல் போனது, அதற்கு முன்பு பல மாதங்களாக ஒரு சக்கரம் விடாமல் இருந்ததால்.

பிஸ்டனின் முலாம் நன்றாக இருந்தது. வெளிவிளிம்பில் மட்டும் கொஞ்சம் துரு. வளையம் உரசும் இடத்தில் குழி இருந்திருந்தால் பிஸ்டனையே மாற்றியிருப்போம். புதுப் பிரேக் ஆயிலில் எல்லாவற்றையும் நனைத்துப் பூட்டினேன். வலது பக்கத்திலும் கைடு பின்கள் முதல் ரப்பர் வரை அதே வேலை. அங்கே எதுவும் இறுகியிருக்கவில்லை. இருந்தாலும் ஒரு அச்சின் இரு பக்கங்களையும் ஒன்றாகச் செய்யாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிஸ்க்குகளின் தடிமனை வெர்னியரால் அளந்தேன். ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவை இடது டிஸ்க் எட்டிவிட்டது. லேத்தில் சீவ இடமில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஜோடியாகப் புதியவை வரவழைத்தோம். பூட்டும் முன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிறகு உப்புத்தாள் போட்டேன். அங்கே ஒரு துருப்பொருக்கு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து சுற்றும். மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும்.

*

பின்சக்கர டிரம்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வலது டிரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுத்தியலை எடுத்த என்னை மாமா தடுத்து, டிரம்மின் முகத்தில் துரு மூடியிருந்த இரண்டு மரைத் துளைகளைக் காட்டினார். இத்தனை ஆண்டுகள் அந்தத் துளைகளைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. இரண்டு 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை அவற்றில் செலுத்தி மாற்றி மாற்றித் திருகினால் டிரம் தானாக வெளியே தள்ளப்பட்டு வருகிறது.

உள்ளே இருக்கும் கருந்தூளை வாயால் ஊதக் கூடாது, காற்றடித்தும் துரத்தக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தோம். பணிமனைகளில் பையன்கள் அதை முகத்தெதிரே ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். இனிமேல் பார்த்தால் சொல்லாமல் வரமாட்டேன்.

டிரம்மில் ஸ்பிரிங்குகள் அதிகம். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும். குழம்பினால் எதிர்ப்பக்கம் மாதிரியாக இருக்கும். பிரிக்கும் முன் படமும் எடுத்து வைத்தேன். டிரம்மின் உள்சுவரில் அழுந்திப் பிடிக்கும் ஷூக்களைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கழன்றால் கண்ணைத் தேடி வரும், ஆகவே கண்ணாடி அவசியம். ஷூக்களைத் தள்ளும் இடது வீல் சிலிண்டரின் உறையை விலக்கியதும் ஆயில் கசிந்தது. ஆயில் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. இரு பக்கமும் புது வீல் சிலிண்டர், புது ஷூ. டிரம்மைப் போட்டுக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்பினோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. மழைக்காலத்தில் நாலைந்து நாள் வண்டியை எடுக்காமல் வைப்பதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம். ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கல் வைப்பதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

*

எல்லாவற்றையும்விட எனக்குப் பாடமானது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில். உண்மையில் அது கிளைகால் ஈதர் வகைத் திரவம். தண்ணீரோடு கலக்கும், பெயின்டைத் தின்னும். பானட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அதன் பெரிய குணம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது. ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும், மேலே உள்ள ஆயில் டப்பாவின் மூடி வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி. டாட் 4 வகைக்கு 230, ஈரம் ஏறினால் 155. புதிய ஆயிலுக்கும் பழைய ஆயிலுக்கும் நடுவே 65, 75 டிகிரி போய்விடுகிறது.

கொதித்தால் என்ன? திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் பாதத்தின் விசை சக்கரம்வரை அப்படியே போய்ச் சேர்கிறது. கொதித்துக் குமிழி வந்துவிட்டால் அது ஆவி. ஆவி சுருங்கும். மிதிக்கும் தூரமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். குஞ்சப்பனைக்கு மேலே என் கால் உணர்ந்த பஞ்சுப் பொதி அதுதான். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிறது, பெடல் கெட்டியாகிறது, எதுவும் நடக்காததுபோல். ஹேண்ட் பிரேக் அன்று காப்பாற்றியதற்கும் காரணம் உண்டு. அது வெறும் கம்பி வடம். பின் டிரம்களுக்கு நேராகப் போகிறது, ஆயிலோடு அதற்குத் தொடர்பில்லை.

என் வண்டியில் ஆயில் மாற்றி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. இடது முன்சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தபோது கறுத்த டிகாஷன்போல் வந்தது. அதைப் பார்த்து நான் அதிர்ந்தபோது, "நிறத்தை நம்பாதே. தெளிவாக இருக்கும் ஆயிலிலும் ஈரம் இருக்கும். தேதியை எழுதி வை" என்றார் மாமா. பானட்டின் உள்பக்கத்தில் தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சம் இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். எங்கள் மூடுபனியில் திறந்து கிடந்தது பழைய ஆயில்தான்.

ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, என் மகள் வந்தாள். பதினான்கு வயது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதிப்பது அவள் வேலை. நான் கீழே, நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் குழாயின் மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவைத்துக்கொண்டு. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம். வண்டிக்கு வண்டி இந்த வரிசை மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டும்.

"மிதி."

"மிதித்தேன்."

"மிதி. மிதி. பிடி."

"பிடித்தேன்."

நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். குழாயில் ஆயிலும் குமிழிகளும் ஓடும். அவள் கால் தரைவரை இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்பேன். மூடும் முன்பு அவள் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்றை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் சக்கரத்தில் இரண்டு முறை அப்படி ஆனது. அவள் மேல் தவறில்லை, நான் "விடு" என்பதைச் சீக்கிரம் சொல்லிவிட்டேன். மாமா டப்பாவின் பக்கத்திலேயே நின்று, மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருந்தார். அது காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று போய்விடும், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். நான்காவது சக்கரத்துக்கு வந்தபோது அவள் குரலும் என் கையும் ஒன்றாகிவிட்டன. குழாயில் தேன்நிறத்தில் தெளிந்த ஆயில் குமிழியின்றி ஓடியது. "அம்மா, கல்மேல் மிதிப்பதுபோல் இருக்கிறது" என்றாள்.

பழைய ஆயிலை ஓடையில் ஊற்றவில்லை. இங்கே ஊற்றுவது பவானியில் போய்ச் சேரும். கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுத்தோம்.

போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, கிளம்பும் முன்பே பெடலைப் பலமுறை மிதித்துப் பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்துக்கொண்டேன். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதியில் எதுவும் பிடிக்காது. பிறகு விடியற்காலையில், கோடநாடு போகும் சாலையில் ஆளில்லாத நேரான இடமாகப் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பதும், சூடு ஆற ஓடவிடுவதுமாகப் பத்துத் தடவை. புதுப் பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிய இது வேண்டும். சூடான டிஸ்க்கில் பெடலை அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் திட்டாகப் படிந்துவிடும். புதுப் பேடை மாட்டியவுடன் மலையிறங்குவது பெரிய தவறு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் ஓடும் மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். பல்சக்கரத் தண்டவாளத்தில், பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில், எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்து தாங்கிக்கொண்டிருக்கும்போதும், அந்தந்தப் பெட்டியின் பிரேக்கை அந்தந்த ஆள்தான் பார்க்கிறார். சின்ன வயதில் அவரைக் கொடி காட்டுகிறவர் என்று நினைத்திருந்தேன். இப்போது ரயில் போகும்போது அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

அம்மாவின் கண் பரிசோதனைக்கு மறுபடி நாள் கிடைத்தது ஜனவரியில். புல்மேல் உறைபனி வெளுத்திருந்த காலை. அரவேணுவிலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டேன். வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு மிதி, உடனே விடு. அடுத்த வளைவுவரை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். பெடலைத் தொட்டுக்கொண்டே இறங்கும் பழக்கம் என் காலிலிருந்து போக இன்னும் நாளாகும், அவ்வப்போது தானாகத் தேடிப் போகிறது. எதிரே ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டேன். இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும்.

குஞ்சப்பனையில் அதே கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கல்லைத் தேடினார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டினேன். முன்னால் இரண்டும் ஒரே அளவு சூடு. பின்னால் இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு. இடது முன்சக்கரத்தின் முன் கொஞ்சம் கூடுதல் நேரம் குனிந்திருந்தேன்.

அம்மாவுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போனேன். தூங்கிவிட்டிருந்தார். எழுப்பவில்லை. பவானிப் பாலம் வரும்வரை அவர் விழிக்கவே இல்லை.